பொல்லு வைச்சிருந்த சாமி

சாம்பவி வாங்கில இருந்திட்டாள். அப்பாடா. இனி ஆர் எந்தப் பக்கத்தால வந்தாலும் அவள் இருக்கிற பிள்ளைதான். நீலச் சீலை நிலத்தைத் தொட வடிவா விரிஞ்சு கிடக்குது, கால் ரெண்டும் அதுக்குள்ள, மடியில படம் கீறுற கொப்பி, கையில பென்சில், தலை கொஞ்சம் குனிஞ்சு. பாக்கிறவை படிச்ச பிள்ளை, அடக்கமான பிள்ளை எண்டுதான் சொல்லுவினம். அவள் ஊண்டி நடக்கிற பொல்லு என்ர ஹான்ட்பாக்குக்குள்ள மடிஞ்சு கிடக்குது. நல்லகாலம் உது மடிக்கிற பொல்லு, இல்லாட்டி நான் எங்க கொண்டுபோய் ஒளிப்பன்? ஒளிப்பன் எண்டோ சொன்னனான்? ஒளிக்கேல்லை, சும்மா வைச்சிருக்கிறன். தாய்க்காரி மகளின்ர சாமானைத் தூக்கி வைச்சிருக்கிறது ஒரு குற்றமோ? ரஞ்சிதமலர் அக்காவும் அவவின்ர மகன் துவாரகனும் பதினொரு மணிக்கு வருவினம், வந்து பொம்பிளையைப் பாப்பினம், கொஞ்சம் கதைப்பினம், போவினம். அவை போகுமட்டும் பிள்ளை எழும்பக்கூடாது, அவ்வளவுதான். பிள்ளையின்ர இடக்கால் மற்றக் காலைவிடக் கட்டை எண்டு அவைக்குத் தெரியாது. நான் சொல்லேல்லை. பிடிச்சுப்போச்சு எண்டால் பிறகு ஆறுதலாச் சொல்லலாம்தானே. பிறகு சொல்லுறதும் சொல்லுறதுதானே.

“இஞ்சேரும், ஆரும் மியூசியத்தில வைச்சுப் பொம்பிளை பாப்பினமோ?” எண்டு என்ர மனிசன் சிரிச்சவர். சிரிப்பார், ஏன் சிரிக்கமாட்டார், யோசிக்கிறது முழுக்க நான்தானே. எங்கட ஆக்கள் எங்க வைச்சுப் பாக்கிறவை? ஒண்டில் வீடு, ஒண்டில் கோயில். வீட்டில எண்டால் பொம்பிளை தட்டத்தில தேத்தண்ணி கொண்டு வரவேணும். குசினியில இருந்து ஹோலுக்கு அது என்ன பெரிய தூரம், ஆனா அந்தத் தூரத்துக்குள்ளதான் எல்லாம் முடிஞ்சுபோம். போன வருசம் ஒரு இடத்தில இருந்து வரேக்க நான் பெரிய கெட்டித்தனமா ஒரு வேலை செய்தனான். சாம்பவியை முதலே சோபாவில இருத்திப்போட்டு, என்ர தங்கச்சியின்ர மகள் கோசலாவிட்டத் தட்டத்தைக் குடுத்து விட்டனான். வந்த சனம் தட்டத்தோட வந்தவளைப் பொம்பிளை எண்டு நினைச்சிட்டுதுகள்! “பிள்ளை என்ன வடிவா நடந்து வருகுது” எண்டு அந்தத் தாய்க்காரி வாய் நிறையச் சொன்னா. “இல்லை இல்லை, உது தங்கச்சியின்ர மகள், என்ர மகள் இந்தா இருக்கிறா” எண்டு நான் சொல்ல, எல்லாரும் திரும்பிச் சாம்பவியைப் பாத்துச்சினம், இவ ஏன் எழும்பேல்லை எண்டு பாத்துச்சினம், பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்துச்சினம். கோசலாவுக்கே அந்த மாப்பிளை சரிவந்திட்டுது. கலியாணத்துக்கும் போனனாங்கள், போகாமல் ஏலுமோ. எல்லாருக்கும் முதல் போய்ச் சாம்பவியை முன்வரிசையில இருத்தி, எல்லாச் சனமும் போனாப்பிறகுதான் எழுப்பினனான். சரி, வீடு வேண்டாம். கோயிலில எண்டால் வீதி சுத்த வேணும். எல்லாரும் சுத்தேக்க ஒரு மூலையில குந்திக்கொண்டிருந்தால், “பிள்ளைக்கு என்ன, காலில ஏதும் வருத்தமோ?” எண்டு கேளாத வாய் எங்கட சனத்தில இருக்கோ? அதுதான் மியூசியம். இஞ்ச ஒருத்தரும் ஒண்டையும் சுத்தத் தேவையில்லை, இருந்து பாக்கிறதுக்கெண்டே வாங்கு போட்டிருக்கினம். அறையைச் சாம்பவிதான் சொன்னவள். புத்தகங்களுக்குப் பழங்காலச் சிலையளின்ர படம் கீறிக் குடுக்கிறதுதான் அவளின்ர உத்தியோகம், அடிக்கடி இஞ்ச வந்திருந்து கீறுறவள். “கிரேக்கக் கோயில் கல்லு இருக்கிற அறையில இருப்பம் அம்மா, அங்க வெளிச்சம் நல்லம்” எண்டாள். “நீங்கள் சொன்ன மாதிரி எழும்பாமல் இருக்கிறன்” எண்டும் சொன்னவள். ஒரு முறைப்பில்லை, ஒரு எதிர்க்கதை இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பன். மனிசன்தான் கடைசிவரைக்கும் வரேல்லை. “உந்தக் கள்ள விளையாட்டுக்கு என்னைக் கூப்பிடாதையும்” எண்டு சொல்லிப்போட்டுக் கார் கழுவப் போட்டார். கள்ள விளையாட்டாம். அவருக்கென்ன, கார் கழுவலாம்.

சுவர் முழுக்கக் கல்லு. வெள்ளையுமில்லாமல் மஞ்சளுமில்லாமல், வெத்திலை போடாத கிழவியின்ர பல்லு நிறத்தில. பலகை பலகையா நிறுத்தி வைச்சிருக்கினம். குதிரையில போற பொடியள், திமிறுற மாடு, தோளில குடம் தூக்கின ஆக்கள், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையில நடக்கிற குமருகள். எங்கட தேர்த்திருவிழா மாதிரித்தான் கிடக்குது. ஒருத்தரும் வெளியால தள்ளிக்கொண்டு நிக்கேல்லை, எல்லாம் மூண்டு விரல் கனத்துக்குள்ள கொத்தினது. “ஊர்வலம் அம்மா, தங்கட ஊர் அம்மனுக்குச் சீலை கொண்டுபோகினம்” எண்டு வந்தவுடன காட்டினவள். நடுவில ஒரு பெரிய ஆளும் ஒரு சின்னனுமா நிண்டு சீலை மடிக்கினம், அது விளங்குது, நானும் இவரும் மடிக்கிற மாதிரித்தான் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். அதுக்கு ரெண்டு பக்கமும் சாமிமார் இருக்கினம். இருக்கினமெண்டால் கதிரையில, முக்காலியில, குந்தி இருக்கினம். ஒருத்தர் முழங்காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு பின்னால சாயுறார். ஒருத்தர் பக்கத்தில இருக்கிறவரின்ர தோளில கையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். ஒரு அம்மா நாடியில கையை வைச்சுக்கொண்டு யோசினை, மகளைத் துலைச்ச தாயாம் அவ. ஒருத்தரும் அந்தச் சீலையைப் பாக்கேல்லை, முழுப்பேரும் அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கினம். எங்களையும் பாக்கேல்லை. எனக்கு அது ஒரு மாதிரித்தான் இருந்தது. சாமியெண்டால் நேர பாக்கவேணும், நாங்கள் ஒருக்கா அந்தக் கண்ணில படவேணும், அதுக்குத்தானே கோயிலுக்குப் போறது. பேந்து யோசிச்சன், நல்லதாப் போச்சு, இண்டைக்கு எந்தச் சாமியும் என்னைப் பாக்காமல் இருந்தால் எனக்குப் பெரிய உபகாரம். “நிக்கிற சனத்தின்ர தலையும் இருக்கிற சாமியின்ர தலையும் ஒரே மட்டம், பாத்தியளோ அம்மா? அவை எழும்பினால் தலை கல்லுக்கு மேலால போயிடும். சாமி பெரிய ஆக்கள் எண்டு காட்டத்தான் இருத்தியிருக்கினம்” எண்டாள். நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “பாத்தியோ, இருக்கிறதுதான் மரியாதை” எண்டு சொல்லிப்போட்டன். அவள் தலை நிமிராமல் ஒருக்காச் சிரிச்சாள். சிரிச்சவளோ, மூச்சு விட்டவளோ.

போனில ரஞ்சிதமலர் அக்காவின்ர குறுந்தகவல் வந்து கிடக்குது. ரெயின் நிண்டுபோச்சாம், கொஞ்சம் பிந்துமாம், குறை நினைக்க வேண்டாமாம். குறை. அந்தச் சொல்லைக் கண்டவுடன போனைக் கவிட்டு வைச்சிட்டன். ரஞ்சிதமலர் அக்கா போனில எல்லாம் கேட்டுப்போட்டுக் கடைசியில, “பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லைத்தானே?” எண்டு கேட்டவ. சும்மா சம்பிரதாயத்துக்குக் கேக்கிற மாதிரித்தான் கேட்டவ. “சீச்சீ, ஒரு குறையும் இல்லை” எண்டன். சீச்சீ எண்டு வேற சொன்னனான். போனை வைச்சாப்பிறகு பாத்தால் சாம்பவி வாசலில நிக்கிறாள், கையில உடுப்புக் கூடை. கேட்டவளோ கேக்கேல்லையோ, “அம்மா, வெள்ளை உடுப்புத் தனியப் போடவோ?” எண்டு கேட்டாள். அனுப்பின படங்கள் எல்லாம் இருக்கிற படங்கள். எங்கட வீட்டில அவளின்ர படம் எதை எடுத்தாலும் இருக்கிற படம்தான், சுவரில தொங்குறதும் அதுதான். அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் பல்லக்கு வைச்சனான். நாலு பொடியள் வேட்டி கட்டித் தூக்கிக்கொண்டு ஹோலுக்குள்ள வர, மேளம் முழங்க, சனம் எல்லாம் எழும்பி நிண்டு பாத்தது. “சிவயோகத்துக்கு என்ன எடுப்புப் பாருங்கோவன், மகளை ராசாத்தி மாதிரி இறக்குறா” எண்டு எரிச்சல்பட்டவையும் உண்டு. எரிச்சல்பட விட்டனான், எனக்கு அது வசதி. மேடைக்குக் கிட்ட வரேக்க பிள்ளை பல்லக்குக்குள்ளால தலையை நீட்டி, “அம்மா, நான் இறங்கி நடக்கட்டோ, அவைக்குப் பாரம்” எண்டது. “வாயை மூடிக்கொண்டு இரு” எண்டன், சிரிச்ச முகத்தோட, பல்லைக் கடிச்சுக்கொண்டு, கமெராக்காரன் எடுக்கிறான் எண்டு தெரிஞ்சு. அந்த வீடியோவில நான் நல்ல வடிவாச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன்.

முகங்கள் எல்லாம் உடைஞ்சு கிடக்குது. பிறகு வந்த வேற சமயக்காரர் கொத்தினது எண்டு சொல்லுகினமாம். மூக்கில்லை, வாயில்லை, கன்னத்தின்ர ஒரு பாதி இல்லை. முகமில்லாமலே இருக்கினம், ஒரு பதட்டமும் இல்லாமல். நான் மணிக்கூட்டைப் பாக்காமல் இருக்கவேணுமெண்டு அவையைப் பாத்துக்கொண்டே வாறன், முழங்கால் கட்டினவர், தோளில கை போட்டவர், நாடியில கை வைச்சவ, சிம்மாசனத்தில இருக்கிறவர், சீலை மடிக்கிறவை, அங்கால ஒரு அம்மன், அவவுக்குப் பக்கத்தில ஒரு தாடிக்காரர். தாடிக்காரரின்ர கமுக்கட்டுக்குள்ள என்னமோ செருகிக் கிடக்குது. தடி. அதில சாஞ்சுகொண்டு பக்கத்து அம்மனோட ஏதோ கதைக்கிறார். “உவர் ஏன் பிள்ளை கமுக்கட்டுக்குள்ள தடி வைச்சிருக்கிறார்?” எண்டு கேட்டன். சத்தியமா ஒண்டும் யோசிக்காமல்தான் கேட்டனான். “அது பொல்லு அம்மா. அவருக்குக் கால் ஏலாது” எண்டாள், கீறிக்கொண்டே. “சாமியளுக்கு ஆயுதம் அடிச்சுக் குடுக்கிற கொல்லர் அவர். ஹெபைஸ்தோஸ் எண்டு பேர்.” சாமிக்கும் கால் ஏலாமல் போகுமோ எண்டு கேட்டன், ஏதாவது கேக்கவேணுமே. “பிறக்கேக்கயே ஏலாதாம். தாய் பாத்திட்டு வெக்கத்தில மலையில இருந்து கீழ எறிஞ்சுபோட்டாவாம். கடலுக்குள்ள போய் விழுந்தவராம்.” “பெத்த தாயோ?” “ஓம். அந்தா, சீலை மடிக்கிறவைக்கு மற்றப் பக்கம், முக்காட்டை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு புருசனைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. ஹேரா. அவதான்.” அவ்வளவுதான் சொன்னவள். பென்சில் நிக்கேல்லை. குரல் ஒரு இம்மிகூட மாறேல்லை.

எனக்கெண்டே சொன்னவளோ? இத்தனை அறை இருக்கு இந்த மியூசியத்தில, எகிப்துக்காரரின்ர பிணங்கூட இருக்காம், பூனைச் சிலை இருக்காம், எல்லாத்தையும் விட்டிட்டு இந்தக் கல்லுக்கு முன்னாலயோ என்னைக் கொண்டுவந்து இருத்தினவள்? இல்லை, வெளிச்சம் நல்லமெண்டுதான் வந்தவள், எப்பவும் வாற இடம். எப்பவும் வாற இடமெண்டால் எப்பவும் இதைத்தானே பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் வீட்டில இருந்து மீன் வெட்டேக்க, பிள்ளை வேலைக்குப் போட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கேக்க. அந்த முக்காட்டுக்காரி மகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறா. மகனும் அவவுக்கு முதுகு. நடுவில சீலை மடிக்கினம். விசரி, பெத்த பிள்ளையைத் தூக்கி எறிய ஒரு தாய்க்கு எப்பிடி மனம் வரும்? நான் எறியேல்லை. நான் எங்க எறிஞ்சனான், தூக்கிக்கொண்டெல்லோ திரிஞ்சனான், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா, ரெண்டு ஒப்பரேஷன், உயரம் வைச்ச சப்பாத்து, எனக்கு இங்கிலீஷ் ஒழுங்கா வராத காலத்தில டொக்டரோட சண்டை பிடிச்சனான். எறிஞ்சவளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? பல்லக்கில வைச்சனான். முன்வரிசையில வைச்சனான். வாங்கில வைச்சிருக்கிறன். சீ, என்ன நினைவு இது. அந்தத் தாடிக்காரரின்ர காலை வடிவாப் பாத்தன், கோணலோ எண்டு. கோணலில்லை. மற்றவையின்ர கால் மாதிரித்தான் கொத்தியிருக்கு, பொல்லு மட்டும்தான் சொல்லுது. “இது அந்தக் காலத்தில கோயிலின்ர உச்சியில, கூரைக்குக் கீழ இருந்தது அம்மா. கீழ நிக்கிறவைக்கு வடிவாத் தெரியாது” எண்டாள், நான் பாக்கிறதைப் பாத்துப்போட்டு. “தெரியாதெண்டால் பேந்தேன் பொல்லைக் கொத்தினவை? விட்டிருக்கலாம்தானே.” “அவர் அதோடதானே அம்மா இருக்கிறவர்.” அட கோதாரி. ஹான்ட்பாக் மடியில கனக்குது. அதுக்குள்ள என்ன இருக்கு, ஒரு தண்ணிப் போத்தல், ஒரு குடை, விபூதிச் சரை, அவளின்ர பொல்லு. கனக்க என்ன இருக்கு. வெக்கம் கன்னத்தில இருந்து காதுமட்டும் சுடுகுது, இந்தக் குளிர் அறைக்குள்ள.

“அம்மா, நான் ஒருக்கா ரொய்லெற்றுக்குப் போகவேணும். பொல்லை எடுத்துத் தாங்கோ.” இப்பவோ? வெளிக்கிடேக்க போயிட்டு வா எண்டெல்லோ சொன்னனான். ரொய்லெற் இந்த அறையைத் தாண்டி, அடுத்த அறையைத் தாண்டி, படியும் இறங்கவேணும். சீலையோட. அவை வாற வழியும் அதுதான். பிள்ளை படியில ஒரு காலை இழுத்து வைச்சு ஏறி வரேக்க நேர முகத்துக்கு முகம் பாத்தால்? அப்பிடித்தான் நடக்கும், எனக்குத் தெரியும், என்ர தலைவிதிக்கு அப்பிடித்தான் நடக்கும். “அவை வாற நேரம் பிள்ளை, கொஞ்சம் அடக்கிக்கொள்ளன்.” சொல்லிப்போட்டன். சொன்ன பிறகுதான் என்ர காதில விழுந்தது. முப்பதுக்கு வரப்போற மனிசி அவள். பள்ளிக்கூடத்தில ரீச்சர்மார் சின்னனுகளுக்குச் சொல்லாத சொல்லு. அவள் என்னைப் பாத்தாள். கோவமெண்டால் பரவாயில்லை, கோவத்துக்கு என்னட்டப் பதில் இருக்கு, எல்லாம் உனக்காகத்தானே செய்யிறன் எண்டு ஒரு பாட்டம் அழுது முடிச்சிருப்பன். கோவமில்லை. வருத்தக்காரரைப் பாக்கிற மாதிரி ஒரு பார்வை. “சரி அம்மா” எண்டிட்டுப் பென்சிலை எடுத்தாள். இப்ப அவள் கீறேல்லை, ஒரே கோட்டுக்கு மேல திரும்பத் திரும்பப் போகிறாள். ஒருக்காச் சீலைக்குள்ள கால் அசையுது. ஒருக்கா இடுப்பைக் கொஞ்சம் தூக்கி மாறி இருக்கிறாள். நான் பாக்காத மாதிரி இருக்கிறன். குதிரையைப் பாக்கிறன். குதிரை நல்ல குதிரை.

ரெண்டு வயசில முதல் ஒப்பரேஷன். இடுப்பில இருந்து கால் நுனிவரைக்கும் வெள்ளைப் பிளாஸ்ரர் மாக்கட்டுப் போட்டு விட்டாங்கள், நடுவில மட்டும் ஒரு ஓட்டை. கல்லுப் பிள்ளை மாதிரிக் கட்டிலில கிடத்தி வைச்சிருந்தன், திருப்ப ரெண்டு பேர் வேணும். கழுவேலாது, ஈரம் படக்கூடாது, படுத்த இடத்தில எல்லாம் போம். நான் கையாலதான் எல்லாம் செய்தனான். மேசன்மார் சாந்து பூசிற மாதிரி விளிம்பெல்லாம் ஒட்டி ஒட்டித் துடைச்சு, பஞ்சு மாத்தி, பவுடர் போட்டு. மணம் வீடெல்லாம் இருந்தது, வந்த சனம் மூக்கைச் சுழிச்சது, நான் சுழிச்சனானோ? சத்தியமா இல்லை. ஆர் வந்தாலும் பிள்ளையை முன்னறையில, ஜன்னலுக்குக் கிட்டத்தான் கிடத்துவன், றோட்டால போற பஸ்ஸைப் பாக்கட்டும் எண்டு. போறவை வாறவை எல்லாம் பாத்தவை. எனக்கு அப்ப ஒரு கூச்சமும் இல்லை. இந்த வெக்கம் எப்ப வந்து என்னில ஏறினது? எந்த நாள், ஆர் என்ன சொல்ல? யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடேல்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, கோசலா முதல்முதல் நடனம் ஆடின மேடையோ, இல்லாட்டி ஆரோ ஒருத்தி “பாவம் பிள்ளை, முகம் மட்டும் என்ன வடிவு” எண்டதோ. அந்த மட்டும். அந்த மட்டும் எனக்குள்ள ஊசி மாதிரி இறங்கினது ஞாபகம். மூத்திரம் துடைச்ச கை இது. இந்தக் கைதான் இப்ப ஹான்ட்பாக்கின்ர வாரை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடக்குது. குடுத்துவிடடி. இப்பவே எடுத்துக் குடு, போகட்டும் பிள்ளை, வந்தால் வரட்டும் அவை. கை போச்சுது, சிப் வரைக்கும் போச்சுது, மெய்யாப் போச்சுது. அப்ப பாத்தால் வாசலில ரஞ்சிதமலர் அக்கா நிக்கிறா.

கையை எடுத்திட்டன். படத்தில பாத்ததைவிடக் கட்டை ஆள், சீலைக்குக் கீழ ஓடுற சப்பாத்து, மூச்சு வாங்குது. பின்னால மகன், நெடுவல், கண்ணாடி, கையைக் காலை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல். “மன்னிக்கவேணும், சுரங்கத்துக்குள்ள ரெயின் நிண்டு நிண்டு சீவன் போச்சு” எண்டு சொல்லிக்கொண்டே வாறா. சாம்பவி கொப்பியை மூடினாள். “இரும் பிள்ளை, நீர் எழும்பவேண்டாம்” எண்டு அவவே சொல்லிப்போட்டா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, முருகா எண்டன் மனதுக்குள்ள, பேந்து முருகனைக் கூப்பிட்டதுக்கும் வெக்கப்பட்டன். அவ எனக்குப் பக்கத்தில இருந்தா, மகன் அந்தப் பக்கம் சாம்பவிக்குப் பக்கத்தில. “என்ன கீறினீங்கள்?” எண்டு பொடியன் கேக்க அவள் காட்டுறாள், ரெண்டு பேரும் குனிஞ்சு ஏதோ இங்கிலீஷில கதைக்கினம். நல்லாத்தான் இருக்குது பாக்க. ரஞ்சிதமலர் அக்கா என்ர கையைத் தொட்டு, “பிள்ளையைப் பற்றி நீங்கள் ஏதும் சொல்லவேணும் எண்டால் சொல்லுங்கோ, நேரில கதைக்கிறது வேறதானே” எண்டா. மெல்லமாத்தான் கேட்டவ. நான் தேவாரம் பாடுவாள் எண்டன். மாமிசச் சமையல், மரக்கறிச் சமையல் எல்லாம் தெரியுமெண்டன். படிப்பில முதலாம் பிரிவெண்டன். என்ர வாய் ஓடிக்கொண்டே இருக்குது, நிப்பாட்டத் தெரியேல்லை. அவ தலையாட்டிக்கொண்டு கேட்டா, கேட்டு முடிச்சு, “வேற?” எண்டா. வேற ஒண்டுமில்லை எண்டன். “அப்ப வாங்கோ, கீழ போய் ஒரு தேத்தண்ணி குடிப்பம்.” ஐயோ. “இல்லை அக்கா, இஞ்சயே இருப்பம், இவவுக்குத் தேத்தண்ணி ஒத்துவராது, எனக்கும் வேண்டாம், இஞ்ச நல்லாத்தானே இருக்கு.” அவ என்னை ஒருக்காப் பாத்தா. பேந்து எட்டிச் சாம்பவியைப் பாத்தா. பிள்ளையின்ர மேலுதட்டில வேர்வை, கை ரெண்டும் கொப்பியை வயித்தோட சேர்த்து அமத்திக்கொண்டு. “பிள்ளை, உமக்கு ஏதும் செய்யுதோ?” “ஒருக்கா ரொய்லெற் போகவேணும் அன்ரி.” “அதுக்கேன் இவ்வளவு நேரம் இருந்தனீர்? போட்டு வாரும். உம்மட பொல்லு எங்க?”

உம்மட பொல்லு எங்க. உம்மட குடை எங்க எண்டு கேக்கிற மாதிரிக் கேட்டா. சாம்பவி என்னைப் பாக்காமல், “அம்மாவிட்டத்தான் வைக்கச் சொல்லிக் குடுத்தனான், கீறேக்க இடைஞ்சலா இருந்தது” எண்டாள். எவ்வளவு லேசாச் சொன்னாள். நான் சிப்பை இழுக்கிறன், சிப் வருகுதில்லை, விபூதிச் சரை வந்து சிக்குது, தண்ணிப் போத்தல் உருண்டு நிலத்தில விழுந்தது, பொடியன் குனிஞ்சு எடுத்துத் தந்தான். பொல்லு வெளியால வந்தவுடன தானா விரிஞ்சு டக் டக்கெண்டு பொருந்தினது, அந்த அறை முழுக்கக் கேட்டிருக்கும். அவள் ஊண்டி எழும்பி, “வாறன்” எண்டிட்டு நடந்தாள். பொடியன் “நானும் வாறன், எனக்கும் போகவேணும், வழி தெரியாது” எண்டு எழும்பிப் பக்கத்தில போனான், அவளின்ர கதிக்கு மெல்ல. வலது கால், பொல்லு, இடது கால் இழுபட்டு, ஒருக்காத் தோள் சரிஞ்சு, பிறகு நிமிர்ந்து. எங்களுக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வழி விட்டது. ரெண்டு பேரும் போயிட்டினம்.

நானும் அவவும் வாங்கில. “எப்ப தெரியும்?” எண்டு கேட்டன். “முதலே தெரியும். மகனோட போனில முதல் முதல் கதைச்ச அண்டைக்கே பிள்ளை சொல்லிப்போட்டுது. பிறகு என்னோடயும் கதைச்சது. இடக்கால், ரெண்டு ஒப்பரேஷன், பொல்லோட நடப்பன், ஓடமாட்டன், மிச்சமெல்லாம் ஏலும் எண்டு. நல்ல தெளிவான பிள்ளை.” “அப்ப என்னட்டக் கேட்டனீங்களே அக்கா, ஒரு குறையும் இல்லைத்தானே எண்டு.” “அதுக்குப் பிறகுதான் கேட்டனான்.” அவ கோவமாச் சொல்லேல்லை. சுவரில இருக்கிற கல்லைப் பாத்துக்கொண்டு சொன்னா. “அம்மாவை அதைப் பற்றிக் கேளாதேங்கோ அன்ரி, அவ பாவம், வெக்கப்படுவா எண்டுதான் பிள்ளை சொன்னது. நான்தான் கேட்டுப் பாத்தனான். இண்டைக்கும் கேட்டுப் பாத்தனான். பிள்ளை எப்பிடி எண்டு எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு எங்கட வீட்டுக்கு வந்து போகப்போறது நீங்கள்தானே, உங்களையும் தெரியத்தானே வேணும்.” பொம்பிளை பாக்க வந்திருக்கினம், பாத்தது என்னை. நான் இருந்த இருப்பு, நான் கதைச்ச கதை, தேவாரமும் மரக்கறிச் சமையலும், எல்லாத்தையும் பாத்திருக்கினம். அம்மா பாவம் எண்டு என்னைப் பற்றிச் சாம்பவி சொல்லி வைச்சிருக்கிறாள். நான் அடக்கிக்கொள் எண்டு சொல்லேக்க அவளுக்குத் தெரியும், அவைக்குத் தெரியுமெண்டு. தெரிஞ்சும் அடக்கிக்கொண்டு இருந்தாள், எனக்காக. “நாங்கள் நாள் பாப்பம், பிள்ளையை எங்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. நான் சொன்னதெண்டு மட்டும் காட்டிக்கொள்ளாதேங்கோ” எண்டா. நான் தலையை ஆட்டினன். வேற என்ன ஆட்ட.

திரும்பி வருகினம். பொடியன் ஏதோ சொல்ல அவள் சிரிக்கிறாள், முகம் வெளிச்சமா இருக்குது, அடக்கினது போன சுகம். வந்து எனக்குப் பக்கத்தில இருந்தாள், பொல்லைத் தன்ர மடிக்குக் குறுக்க வைச்சாள், மடிக்கேல்லை. அங்கால ரஞ்சிதமலர் அக்கா மகனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டு நிக்கிறா. சாம்பவி என்ர காதுக்குக் கிட்டக் குனிஞ்சு, “என்னவாம் அம்மா? என்ன சொல்லுறா?” எண்டு கேட்டாள். “உன்னைப் பிடிச்சிருக்காம்” எண்டன். “உங்களை?” எண்டாள், பகிடியாத்தான், என்ர தோளில தோளால ஒருக்கா இடிச்சுப்போட்டு. நான் திறந்து கிடந்த ஹான்ட்பாக்கின்ர சிப்பை இழுத்து மூடினன்.